எட்டுப் போட்டு நீந்திய கரடி: ஒரு நிகழ்வு ஆய்வு

கரடியின் பெயர் கஸ். ஆண் துருவக் கரடி. 1985ல் அமெரிக்காவின் டொலிடோ விலங்குக் காட்சிசாலையில் பிறந்து, 1988ல் நியூயார்க் நகரின் சென்ட்ரல் பார்க் காட்சிசாலைக்கு வந்து சேர்ந்தவன். 1994ல் அவன் குளத்துக்குள் எட்டுப் போட ஆரம்பித்தான். எட்டு வடிவத்தில் ஒரு சுற்று, முடிந்ததும் இன்னொரு எட்டு, அப்புறம் இன்னொன்று. சில நாட்களில் 12 மணி நேரம் வரை இதே வேலை. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு முதல் ஐந்து நிமிடம் நல்ல காட்சியாகத்தான் இருந்திருக்கும். அரை மணி நேரம் நின்றவர்களுக்கு வயிற்றைப் பிசைந்திருக்கும்.

பத்திரிகைகள் அவனைப் பிடித்துக்கொண்டன. மனம் நொந்த கரடி, நரம்பு கெட்ட கரடி என்றெல்லாம் எழுதின. பரபரப்புக்குப் பேர் போன ஊர் அது. ஊர்க்காரர்கள் கஸ்ஸைப் பார்த்துத் தங்களையே பார்த்ததுபோல் சிரித்துக்கொண்டார்கள். காட்சிசாலை 25,000 டாலர் கொடுத்து டிம் டெஸ்மண்ட் என்ற விலங்குப் பயிற்சியாளரை வரவழைத்தது. கரடிக்கு மனநல வைத்தியமா என்று அதற்கும் ஒரு சுற்றுச் சிரிப்பு.

வைத்தியம் பாதி பலித்தது. எட்டுகள் குறைந்தன, ஆனால் அடியோடு போகவில்லை. பலிக்காமல் போன அந்தப் பாதிதான் இந்த ஆய்வின் பொருள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கஸ் பிடித்துக்கொண்டு வரப்பட்டவன் அல்ல. அடைப்பிடத்தில் பிறந்தவன். பனிக்கடலையோ, பனிப் பிளவில் மூச்சுவிட வரும் கடல்நாயையோ வாழ்நாளில் பார்த்ததில்லை. ஆகவே ‘பிறந்த மண்ணின் நினைப்பு வந்துவிட்டது’ என்ற கதை இங்கே எடுபடாது. பார்க்கவே பார்க்காத ஒன்றுக்காக ஓர் உடம்பு அலைய முடியுமா என்பதுதான் கேள்வி.

பெயரில் உள்ள சிக்கல்

இந்த மாதிரி நடத்தையை ஆய்வாளர்கள் ஸ்டீரியோடைப்பி என்பார்கள். ஜார்ஜியா மேசன் 1991ல் கொடுத்த வரையறைதான் நெடுங்காலம் பாடமாக இருந்தது: மாறாமல் திரும்பத் திரும்ப வரும், வெளிப்படையான இலக்கோ பயனோ தெரியாத நடத்தை. கூண்டுக் கம்பியை ஓயாமல் கடிக்கும் பன்றி, கழுத்தை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டே நிற்கும் குதிரை, சங்கிலியில் நின்றபடி ஆடும் யானை, நாக்கைச் சுழற்றிக்கொண்டே இருக்கும் ஒட்டகச்சிவிங்கி, உட்கார்ந்த இடத்தில் முன்னும் பின்னும் ஆடும் குழந்தை, எல்லாமே இந்த ஒரு பெயருக்குள் வந்துவிடுகின்றன. மேசையடியில் காலாட்டுகிறவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். இந்தப் பத்தியைத் தட்டச்சு செய்யும்போது என் வலது கால் ஆடிக்கொண்டிருப்பதை இப்போதுதான் கவனித்தேன்.

வரையறையில் ‘வெளிப்படையான’ என்று ஒரு சொல் இருக்கிறது. பேச்சுவழக்கில் முதலில் உதிர்ந்துபோவது அதுதான். ‘பயன் வெளியே தெரியவில்லை’ என்று ஆய்வாளர் ஜாக்கிரதையாகச் சொன்னது, நம் வாயில் ‘பயனற்றது’ என்று ஆகிவிடுகிறது. ஒருமுறை அப்படிச் சொல்லிவிட்டால் அடுத்த கேள்வி தானாகவே ‘எப்படி நிறுத்துவது’ என்று வந்து நிற்கும். குதிரை விஷயத்தில் காலம் காலமாக நடப்பது இதுதான்.

ஒரு மணி நேரம்

கஸ்ஸை நான் பார்த்ததில்லை. வேறொரு காட்சிசாலையில், பெயர் வேண்டாம், ஒரு பழுப்புக் கரடியின் முன்னால் கைக்கடிகாரமும் நோட்டுமாக ஒரு மணி நேரம் நின்றிருக்கிறேன். சுவரோரமாக ஒன்பது அடி நடக்கும். மூலையில் தலையை மேலே தூக்கி இடப்பக்கம் ஒரு வீச்சு. திரும்பும். மறுபடி ஒன்பது அடி. இடது முன்னங்கால் விழுகிற இடத்தில் சிமென்ட் தேய்ந்து வழவழவென்று ஆகி, முந்தின நாள் மழைத்தண்ணீர் உள்ளங்கை அளவுக்குத் தேங்கியிருந்தது. ஒவ்வொரு முறையும் அந்தத் தண்ணீரில் கால் படும், ‘சளக்’ என்று ஒரு சத்தம் வரும். கண்ணை மூடிக்கொண்டே எண்ணலாம். நான் எண்ணினேன்.

கூட்டம் கத்தியது, ஒருவர் கைதட்டினார். கரடி திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் நாற்பதாவது நிமிடம் போல உள்பக்கத்தில் எங்கோ வாளி உரசும் சத்தம் கேட்டது. நடை வேகமானது. ஒன்பது அடி ஏழானது. திரும்பும் இடம் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பாட்டுக் கதவுப் பக்கம் நகர்ந்தது. எதற்கும் சம்பந்தமில்லாத நடை என்றால் வாளிச் சத்தத்துக்கு அது ஏன் வளைந்து கொடுக்க வேண்டும்?

பராமரிப்பாளர் வெளியே வந்தபோது கேட்டேன்.

“எத்தனை வருஷமா இப்படி நடக்குது?”

“நான் வேலைக்குச் சேர்ந்ததுலேருந்து இப்படித்தான் சார்.”

“சாப்பாடு போட்டா நிப்பாட்டுமா?”

“சாப்பிடுற வரைக்கும் நிப்பாட்டும்.”

இந்தத் துறையில் நான் படித்ததில் பாதி அந்த ஒரு பதிலுக்குள் இருக்கிறது.

எதன் துண்டு?

ஜெர்பில் என்று பாலைநில எலி ஒன்று உண்டு. ஆய்வகங்களிலும் வீடுகளிலும் வளர்க்கிறார்கள். கூண்டின் மூலையில் இரண்டு முன்னங்கால்களாலும் பரபரவென்று தோண்டிக்கொண்டே இருக்கும். தோண்ட மண் இல்லாததால்தான் இப்படிச் செய்கிறது என்று யாருக்கும் தோன்றும், எனக்கும் தோன்றியது. கிறிஸ்டோஃப் வீடன்மேயர் 1997ல் வெளியிட்ட சோதனையில் சில ஜெர்பில்களுக்குத் தோண்ட மணல் கொடுத்தார். மணலிலும் தோண்டின, மூலையிலும் தோண்டின. இன்னும் சிலவற்றுக்கு ஒரு குழாய் வழியே போய்ச் சேரும் இருட்டறையை வைத்தார், அதாவது ஏற்கெனவே தோண்டி முடித்த வளை. அந்தக் குட்டிகள் மூலையைச் சுரண்டும் பழக்கத்துக்கே போகவில்லை. தோண்டும் வேலை அவற்றுக்கு வேண்டியதாக இல்லை, வளைதான் வேண்டியிருந்தது. வளை கிடைக்காதவரை ‘இன்னும் முடியவில்லை’ என்று உடம்பு சொல்லிக்கொண்டே இருக்கிறது.

இதைப் படித்த நாளிலிருந்து எந்தத் திரும்பச் செயலைப் பார்த்தாலும் எனக்கு எழும் முதல் கேள்வி, இது எதன் துண்டு என்பதுதான்.

பன்றிக்கு இந்தக் கேள்விக்கான பதில் எளிது. கூண்டில் அடைபட்ட தாய்ப்பன்றிக்கு ஒரு நாள் தீனியைச் செறிவாக்கிக் கொஞ்சமாகக் கொடுக்கிறார்கள். சில நிமிடங்களில் தின்று தீர்த்துவிடும். வயிறு நிறையவில்லை, வாய் வேலையும் முடியவில்லை. அப்புறம்தான் கம்பிக் கடி தொடங்குகிறது. நார் அதிகமுள்ள தீனியோ வைக்கோலோ கொடுத்தால் குறைகிறது.

குதிரையின் கதை இன்னும் கொஞ்சம் சிக்கலானது. முன்பற்களால் மரச்சட்டத்தைக் கவ்வி, கழுத்தை வளைத்து, தொண்டையில் ஒரு முக்கலோடு காற்றை இழுக்கும் பழக்கம் சில குதிரைகளுக்கு உண்டு. மற்ற குதிரைகளும் பார்த்துக் கற்றுக்கொள்ளும் என்று பயந்து, கழுத்தில் இறுக்கப் பட்டை கட்டிவிடுவார்கள். பட்டை இருக்கும்வரை கவ்வ முடியாது. கழற்றியதும் முன்னைவிட அதிகமாகக் கவ்வுகிறது என்று 1998ல் மெக்ரீவியும் நிக்கோலும் காட்டினார்கள். தேவை அப்படியே உள்ளே சேர்ந்துகொண்டிருந்திருக்கிறது. குட்டிகளைப் பிறப்பிலிருந்து பின்தொடர்ந்த வேறோர் ஆய்வில், பால் மறந்ததும் தானியத் தீனிக்கு மாற்றப்பட்ட குட்டிகளிடம் இந்தப் பழக்கம் பல மடங்கு கூடுதலாக வந்தது. நாளின் பெரும்பகுதியைப் புல் மேய்ந்தே கழிக்கும்படி அமைந்த வாய்க்கும் வயிற்றுக்கும் நாம் இரண்டு வேளைச் சாப்பாடு போடுகிறோம்.

மனிதரிலும் இப்படி ஒன்று உண்டு. பார்வைக் குறைபாடுள்ள குழந்தைகள் சிலர் விரலால் கண்ணை அழுத்திக்கொண்டே இருப்பார்கள். கெட்ட பழக்கம் என்று கையைத் தட்டிவிடுவது வழக்கம். யார் அழுத்துகிறார்கள் என்று பார்த்தால் விஷயம் புரியும். விழித்திரை பழுதானவர்களிடம்தான் இது அதிகம். கண் நன்றாக இருந்து, மூளையின் பார்வைப் பகுதி பாதிக்கப்பட்ட குழந்தைகள் அழுத்துவதில்லை. அழுத்தினால் மினுக் மினுக்கென்று ஒளிப்பொறி தெரியும். மூளையின் அந்தப் பகுதி வேலை செய்தால்தான் தெரியும். அந்தக் குழந்தை தனக்குத் தானே வெளிச்சம் காட்டிக்கொள்கிறது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று வாஷிங்டன் தேசியக் காட்சிசாலையில் இருந்த ஓர் அமெரிக்கக் கருங்கரடி. 1991ல் கார்ல்ஸ்டெட், சைடன்ஸ்டிக்கர் இருவரும் எழுதியது. பார்வைக்கு அதன் நடை ஒரே பழக்கம்தான். ஆனால் இலையுதிர் காலத்தில் உணவை ஒளித்து வைத்துத் தேட விட்டபோது நடை வெகுவாகக் குறைந்தது. குளிருக்கு முன் தின்று கொழுக்க வேண்டிய காலம் அது. இணை தேடும் பருவத்தில் பலித்தது வேறு: அடைப்பிடத்தில் மற்றக் கரடிகளின் வாசனையை வைத்தார்கள், நடை குறைந்தது. ஒரே கரடி, ஒரே நடை, பருவத்துக்கு ஒரு காரணம்.

மறுபடி கஸ்

டெஸ்மண்டின் முடிவு சுருக்கமானது: கரடிக்கு அலுத்துவிட்டது. சாப்பாடு சுலபமாகக் கிடைக்கக் கூடாது என்று ஏற்பாடு செய்தார்கள். கானாங்கெளுத்தி மீனைப் பனிக்கட்டிக்குள் உறைய வைத்துக் கொடுத்தார்கள். கோழியைப் பதப்படுத்தாத தோலில் சுற்றிக் கொடுத்தார்கள். உருட்ட, மோத, கவிழ்க்கப் பொம்மைகள் வந்தன. பயிற்சி நேரங்கள் கூடின.

வந்த புதிதில் அவனுக்கு வேறொரு பொழுதுபோக்கு இருந்தது என்று அவனைப் பற்றி எழுதிய பத்திரிகைகள் சொல்கின்றன. குளத்தின் நீருக்கடிக் கண்ணாடி வழியே தெரியும் குழந்தைகளைப் பதுங்கிப் பின்தொடர்வான். குழந்தைகள் பயந்தார்கள். கண்ணாடியை நெருங்கவிடாமல் காட்சிசாலை தடுப்பு வைத்தது. நியாயம்தான். ஆனால் வேட்டையின் சாயலில் அவனுக்கு இருந்த ஒரே வேலைக்கும் அதோடு முற்றுப்புள்ளி.

இதையெல்லாம் பார்த்தால் வேட்டை இல்லாததுதான் நோய் என்று தோன்றும். டெஸ்மண்ட் கொடுத்ததும் ஒருவகையில் வேட்டைதான். அப்படியானால் ஏன் பாதிதான் பலித்தது?

இதற்குப் பதில் போல ஒன்று 2003ல் வந்தது. ராஸ் கிளப், ஜார்ஜியா மேசன் இருவரும் நேச்சர் இதழில் ஊனுண்ணிகளைப் பற்றி ஒரு கணக்குப் போட்டார்கள். எந்த இனங்கள் கூண்டில் அதிகம் நடைபோடுகின்றன? இயல்பில் நிறைய வேட்டையாடும் இனங்களா, அல்லது பரந்த நிலத்தில் அலையும் இனங்களா? இரண்டாவதுதான் பொருந்தியது. அலையும் பரப்பு பெரிதாக ஆக, கூண்டு நடையும் கூடியது, குட்டிகள் சாவதும் கூடியது. பட்டியலில் மோசமான நிலையில் இருந்தவற்றில் ஒன்று துருவக் கரடி. அது அலையும் பரப்பில் ஆகக் குறைந்த அளவை எடுத்துக்கொண்டாலும், வழக்கமான காட்சிசாலை அடைப்பிடம் அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு.

இந்தக் கணக்கு 1994ல் டெஸ்மண்ட் கையில் இல்லை. இருந்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்? மீனைப் பனிக்கட்டிக்குள் வைக்கலாம், தூரத்தை எதற்குள் வைப்பது? கஸ்ஸின் எட்டுகளில் குறைந்த பங்கு பசியும் அலுப்பும் சேர்ந்தது, மிஞ்சிய பங்கு தூரம் என்பது என் வாசிப்பு. நிரூபணம் என்று இதைச் சொல்ல மாட்டேன். ஒரே கரடி, ஒப்பிட இன்னொன்று இல்லை. அந்த 25,000 டாலரை வீண் என்றும் சொல்ல மாட்டேன். பாதி நாளாவது அவனுக்குச் செய்ய வேறு வேலை கிடைத்தது.

தழும்பு

இன்னொரு காரணமும் இருந்திருக்கலாம். நெடுநாள் ஓடிய தடத்தை மூளையே பிடித்துக்கொண்டிருக்கலாம். பேங்க் வோல் என்ற வயல் எலிகளின் இளம் வயதில் கூண்டை மேம்படுத்தினால் இந்தப் பழக்கம் குறைகிறது. வயதானபின் அதே வசதியைச் செய்தாலும் அவ்வளவாகக் குறைவதில்லை. கார்னரும் மேசனும் 2002ல் இதே எலிகளை வேறு வகையில் சோதித்தார்கள். ஒரு செயலுக்கு இரை கிடைக்கும் என்று பழக்கிவிட்டு, பிறகு இரையை நிறுத்தினார்கள். கூண்டுப் பழக்கம் குறைவாக இருந்தவை சீக்கிரம் கைவிட்டன. அதிகம் இருந்தவை கிடைக்காத இரைக்காகத் தொடர்ந்து முயன்றன. ‘போதும், விடு’ என்று சொல்லும் இடம் தளர்ந்துபோயிருக்கிறது. மறு ஆண்டு கூண்டுக் கிளிகளிடமும் அதே சாயல் தெரிந்தது. அவற்றுக்கு வைத்த சோதனை மனித நோயாளிகளுக்கென்று உருவாக்கப்பட்டது.

அந்த இடம் மூளையின் அடியில் உள்ள நரம்பணுக் கூட்டங்களில், டோபமின் என்ற மூளை வேதிப்பொருள் ஆளும் பகுதியில் இருக்கிறது. ஆம்ஃபெட்டமின் என்ற ஊக்கப் போதைமருந்து அதிக அளவில் ஏறினால் எலி ஓயாமல் முகரும், கொறிக்கும். ஸ்வீடனில் அந்தப் போதைக்கு அடிமையானவர்கள் மணிக்கணக்கில் கடிகாரத்தைப் பிரித்து மாட்டுவதற்கு ‘புண்டிங்’ என்று ஒரு கொச்சைப் பெயர் வைத்திருந்தார்கள். பார்க்கின்சன் நோய்க்கு டோபமின் மருந்து எடுக்கும் சிலருக்கும் இது வருகிறது. இதனால் ஒன்றும் ஆகப்போவதில்லை என்று அவர்களுக்கே தெரியும். இருந்தும் இடையில் யாராவது தடுத்தால் எரிச்சல் வரும்.

அசையாமல் கிடப்பவர்கள்

இங்கே ஒரு பொறி இருக்கிறது, நானும் விழுந்தேன். திரும்பச் செயல் துன்பத்தின் அடையாளம் என்றால், அதைச் செய்யாத விலங்கு நன்றாக இருக்கிறது என்றுதானே ஆகும்? மேசனும் லேதமும் 2004ல் இதைத் துருவிப் பார்த்தார்கள். இந்தப் பழக்கம் மிகுந்த இடங்கள் பெரும்பாலும் மோசமான இடங்கள்தான். ஆனால் அதே மோசமான இடத்துக்குள், ஆடுகிற விலங்கு பல நேரம் ஆடாத விலங்கைவிட மேலான நிலையில் இருந்தது. ஒன்று ஏதோ ஒரு வகையில் சமாளிக்கிறது. மற்றொன்று மூலையில் சுருண்டு கிடக்கிறது. பார்வையாளர்கள் சுருண்டு கிடப்பதைப் பார்த்து ‘சாதுவாக இருக்கிறது’ என்பார்கள். பண்ணை, ஆய்வகம், காட்சிசாலை எல்லாம் சேர்த்து 8.5 கோடிக்கும் மேற்பட்ட விலங்குகளிடம் இந்தப் பழக்கம் இருக்கலாம் என்பது அவர்கள் தந்த மதிப்பீடு. சுருண்டு கிடப்பவை அந்தக் கணக்கில் இல்லை.

மனிதக் குழந்தைகளிடம் இதைக் கண்கூடாகக் காட்டியது ருமேனியா. 1989 டிசம்பரில் ஆட்சி கவிழ்ந்து அனாதை இல்லங்களின் கதவுகள் திறந்தபோது, தொட்டில்களில் வரிசையாக ஆடிக்கொண்டிருந்த குழந்தைகளை உலகம் பார்த்தது. 2000ல் புகாரெஸ்டில் தொடங்கிய ஆய்வு, இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களிடம் அனுப்பியது. ஆய்வின் தொடக்கத்தில் பாதிக்கும் மேற்பட்டவர்களிடம் ஆட்டம் இருந்தது. குடும்பத்துக்குப் போனவர்களிடம் குறைந்தது. எவ்வளவு சின்ன வயதில் போனார்களோ அவ்வளவு நன்றாகக் குறைந்தது. வயல் எலியிடம் பார்த்த அதே வயதுக் கணக்கு.

இல்லத்தில் இருந்தபோது அவர்களுக்குக் கிடைக்காமல் போனது எது, அன்பா? அன்பு என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் வில்லியம் மேசன், கெர்ஷன் பெர்க்சன் இருவரும் 1975ல் வெளியிட்ட குரங்குச் சோதனை என்னை அப்படி நகரவிடவில்லை. தாயிடமிருந்து பிரித்த ரீசஸ் குட்டிகளுக்குப் போலி ரோமம் போர்த்திய பொம்மைத் தாயைக் கொடுத்தார்கள். சிலவற்றுக்கு அசையாத பொம்மை, சிலவற்றுக்கு மோட்டாரால் அங்குமிங்கும் நகரும் பொம்மை. அசையாத தாயிடம் வளர்ந்தவற்றில் பெரும்பாலானவை உட்கார்ந்தபடி ஆடின. நகரும் தாயிடம் வளர்ந்த ஒன்றுகூட ஆடவில்லை. இரண்டு பொம்மைக்கும் அன்பு கிடையாது. தூக்கிக்கொண்டு அலைகிற ஓர் உடம்பு குட்டிக்குத் தரும் அசைவு ஒன்றில் இருந்தது, மற்றொன்றில் இல்லை. அது கிடைக்காத குட்டி தானே அசைந்துகொண்டது.

கரடியையும் அனாதை இல்லத்தையும் ஆட்டிசம் உள்ளவர்களின் கையசைப்பையும் ஒரே வரியில் அடுக்கிவிடுகிறவர்களோடு எனக்கு ஒப்பில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தை நல்ல வீட்டில், நிறைந்த கவனிப்பில் இருந்தும் கையை உதறலாம். அங்கே கூண்டு என்று எதுவும் இல்லை, யாருடைய வளர்ப்பும் தவறிப்போகவில்லை. ஆட்டிசம் உள்ள பெரியவர்களிடமே கேட்டு 2019ல் ஓர் ஆய்வு வந்தது. சத்தமும் வெளிச்சமும் எண்ணமும் ஒரேயடியாக ஏறும்போது இந்த அசைவு தங்களை நிதானத்துக்குக் கொண்டுவருகிறது என்றார்கள். நிறுத்தச் சொல்லும் சிகிச்சைகளை வெறுப்பதாகவும் சொன்னார்கள். கரடியைக் கேட்க முடியாததால்தான் இத்தனை சோதனைகள். கேட்கக்கூடிய இடத்தில் கேட்காமல் கையைப் பிடித்து அமுக்குவது குதிரைக் கழுத்துப் பட்டைக்கு என்னைப் பொறுத்தவரை சமம்தான். தலையை முட்டிக்கொள்வது, சதையைக் கடித்துக்கொள்வது போலக் காயம் வருகிற இடம் வேறு. அங்கே காயத்தைத் தடுத்தே ஆக வேண்டும். ‘இது எதன் துண்டு’ என்ற கேள்வி அப்போதும் அப்படியே நிற்கும்.

கஸ் அதன்பிறகு நெடுநாள் இருந்தான். கூட இருந்த பெண் துருவக் கரடிகளில் லில்லி 2004ல் இறந்துபோயிற்று, ஐடா 2011ல். தைராய்டில் அறுவை செய்ய முடியாத கட்டி வந்து, 2013 ஆகஸ்டில் அவனைக் கருணைக்கொலை செய்தார்கள். 27 வயது, கூண்டில் வாழும் ஆண் துருவக் கரடிக்கு அது நீண்ட ஆயுள். 2014ல் அவன் இருந்த இடத்துக்கு இரண்டு கிரிஸ்லி கரடிகளைக் கொண்டுவந்தார்கள்.